எலும்புக்கும் சாரம் கட்டலாம்!

எங்க அப்பா கொத்தனார். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு நொறுங்கிவிட்டது. டாக்டர் இடுப்பு எலும்பில் கொஞ்சம் எடுத்து, காலில் இடைவெளி விழுந்த இடத்தில் வைத்தார். கால் சரியான பிறகும் இடுப்பு வலி போகவில்லை.

தோழர், தோழிகளே! இடுப்பில் எடுக்காமல் வேறு வழி உண்டா?

கோழி எலும்பை வினிகரில் சில நாள் ஊறப் போடுங்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்து ரப்பர் மாதிரி வளையும். மிச்சம் இருப்பது கொலாஜன் என்ற புரதம். இன்னொரு எலும்பை நன்றாகச் சுட்டால் கொலாஜன் எரிந்து, எலும்பு பொடிப்பொடியாகும். இரண்டும் சேர்ந்தால்தான் உறுதி, கான்கிரீட்டும் கம்பியும் மாதிரி!

இதைப் பார்த்துத்தான் கால்சியம் பாஸ்பேட்டோடு, கொலாஜனையோ உடம்பில் கரையும் பிளாஸ்டிக்கையோ கலந்து விஞ்ஞானிகள் செயற்கைச் சாரம் செய்கிறார்கள். அது பஞ்சு மாதிரி துளைத்துளையாக இருக்கும். துளை 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் எலும்புச் செல்லும் ரத்தக் குழாயும் உள்ளே நன்றாக வளரும். எலும்பு வளர வளரச் சாரம் கரைய வேண்டும். சீக்கிரம் கரைந்தால் எலும்புக்குப் பிடிமானம் இல்லை. கரையாவிட்டால் எலும்பு வளர இடம் இல்லை. எடை தாங்கும் காலுக்கு இந்தக் கணக்கு இன்னும் கஷ்டம்.

அப்பாவிடம் சொன்னேன். "வேலை முடியுமுன்னே சாரத்தைப் பிரிக்கக் கூடாதும்மா. எங்க தொழிலும் அதுதான்" என்று சிரித்தார்.

- 9-ஆம் வகுப்பு மாணவி