தண்டம் கட்டினால் முடிந்துவிடுமா?
மதுபோதையில் வண்டி ஓட்டுதலும் சட்டமும் நமது குடும்பங்களும்

"பிடிபட்டால் என்ன, தண்டத்தைக் கட்டிவிட்டு வரலாம்" என்ற பேச்சு எமது கிராமங்களில் சாதாரணமாகிவிட்டது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்ததன் பின்னர் ஏ-9 வீதியும் அதனோடு இணைந்த பல வீதிகளும் திருத்தப்பட்டுக் காப்பற் இடப்பட்டன. சைக்கிள் நின்ற முற்றங்களில் லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் வந்து நின்றன. வண்டி வந்த வேகத்தில் அதற்குரிய ஒழுக்கம் வரவில்லை. கலியாண வீட்டிலும், செத்த வீட்டிலும், அறுவடை முடிந்த களத்திலும், கோவில் திருநாளிலும் குடித்துவிட்டு, அதே கையோடு வண்டியை எடுப்பது ஒரு குற்றமாகவே பலருக்குத் தோன்றுவதில்லை.

இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். இவர்களுள் பெரும் பகுதியினர் நடந்து செல்வோரும் மோட்டார் சைக்கிளில் செல்வோருமே. இம்மரணங்கள் அனைத்துக்கும் மதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் முற்றாகத் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் எவை என்று கேட்டால், குடித்தவரின் கையால் நேர்ந்தவை முதல் வரிசையில் நிற்கும். ஆகவே சட்டம் இதுபற்றி என்ன சொல்கிறது, அதன் விளைவு யாரைச் சென்றடைகிறது என்பதை எமது மக்கள் அறிந்திருத்தல் அவசியம்.

சட்டம் எதை அளக்கிறது?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, மதுவோ போதைப்பொருளோ உட்கொண்ட பின் வீதியில் வாகனம் செலுத்துவதைத் தடைசெய்கிறது. இரத்தத்தில் மது எவ்வளவு இருந்தால் குற்றம் என்பதற்கு ஒழுங்குவிதிகள் குறித்த எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆகும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். "எனக்கு வெறி இல்லை, நான் நேராகத்தான் ஓடினேன்" என்று ஒருவர் சொல்லலாம். சட்டம் கேட்பது அவருடைய துணிச்சலை அல்ல, இரத்தத்தில் உள்ள அளவை. குடித்துப் பழகியவருக்குத் தடுமாற்றம் வெளியே தெரியாது. ஆனால் கண்ணும் கையும் பிந்தியே வேலை செய்யும்.

65 கிலோ நிறையுள்ள ஓர் ஆண் கால்போத்தல் சாராயத்தைச் சிறிது நேரத்துக்குள் குடித்து முடித்தால், பெரும்பாலும் அதுவே அவரை இந்த எல்லைக்கு அப்பால் கொண்டுசென்றுவிடும். உடம்பு மதுவைக் கழிக்கும் வேகமோ மிகக் குறைவு. சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவே இறங்கும். இரவு 11 மணிவரை அரைப்போத்தல் குடித்தவர், காலை 6 மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்ற ஆட்டோவை எடுக்கும்போதும் எல்லைக்கு மேலேயே இருக்கக்கூடும். தேசிக்காய்ச் சாறும், கோப்பியும், கிணற்றடிக் குளிப்பும் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. கசிப்பு என்றால் கணக்கே இல்லை, அதன் காரம் காய்ச்சியவருக்கும் தெரியாது.

போதைப்பொருளும் இப்பிரிவுக்குள் அடங்கும். கஞ்சாவும் 'ஐஸ்' எனப்படும் பொருளும் எமது இளைஞரிடம் பரவியுள்ள இந்நாட்களில் இது முக்கியமானது. பையில் அப்பொருள் இருந்தால் அது வேறு சட்டத்தின் கீழ் வேறு வழக்கு. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, 5 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட 'ஐஸ்' வைத்திருப்பதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்க இடமுண்டு.

தண்டனை என்ன?

இது பொலிஸார் தரும் துண்டோடு தபாற்கந்தோரில் பணம் கட்டி முடிக்கும் குற்றமன்று. நீதவான் நீதிமன்றத்தில் தோன்றியே ஆக வேண்டும். 2017ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், மதுபோதையில் செலுத்துவதற்கான தண்டப்பணத்தை ஆகக் குறைந்தது 25,000 ரூபா, ஆகக் கூடியது 30,000 ரூபா என உயர்த்தியது. மூன்று மாதம் வரையான சிறையும், பன்னிரண்டு மாதம் வரை சாரதி அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும் இதனோடு சேரக்கூடியவை. யாருக்கும் அடிபடவில்லை என்றாலும் இவ்வளவும் உண்டு.

எவருக்கேனும் காயம் ஏற்பட்டால் தண்டம் கூடும், சிறைக்காலமும் நீளும். மரணம் நேர்ந்தால் பத்து ஆண்டுகள் வரை சிறை செல்ல நேரிடலாம், அனுமதிப்பத்திரமும் இரத்தாகும். இதைவிட, கவனயீனத்தால் மரணம் விளைவித்தமைக்காகத் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு தனியாக ஐந்து ஆண்டுகள் வரையான சிறைத் தண்டனையைக் குறிப்பிடுகிறது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

லீசிங்கில் எடுத்த ஆட்டோவால் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மாதத் தவணை 20,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் பிடிபடுகிறார். தண்டம் 25,000 ரூபா. சட்டத்தரணிக்கும் நீதிமன்றப் பயணங்களுக்கும் மேலும் செலவு. வழக்குத் தவணை நாட்களில் உழைப்பு இல்லை. அனுமதிப்பத்திரம் ஆறு மாதம் நிறுத்தப்பட்டால், கட்ட வேண்டிய லீசிங் தவணை மட்டும் 120,000 ரூபா. ஓடாத வண்டி உழைத்துத் தராது. தவணை தவறினால் கம்பனி வண்டியைக் கொண்டுபோகும். மனைவியின் தோடு அடைவுக்குப் போகும். பின்னர் பிள்ளையின் ரியூசன் நிற்கும். தடையிருக்கும் காலத்தில் "பசிக்கு என்ன செய்வது" என்று களவாக ஓடிப் பிடிபட்டால் இன்னொரு வழக்கு.

இத்தண்டம் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒன்றே. வசதியுள்ளவர் அதைக் கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவார். கூலிக்குப் போகிறவர் கட்ட வழியின்றிச் சிறைக்குப் போவார். எமது சிறைகளுக்குச் செல்வோரில் பெருந்தொகையினர் தண்டப்பணம் கட்ட இயலாதவர்களே என்பதை நாம் மறக்கலாகாது.

காப்புறுதி காப்பாற்றும் என்று நம்புவோரும் உண்டு. மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்பது அடிபட்டவருக்காக ஏற்பட்டது, ஓட்டியவரின் வண்டியைத் திருத்த அல்ல. முழுக் காப்புறுதி எடுத்தவரும் தமது பத்திரத்தை வாசித்துப் பார்க்க வேண்டும். போதையில் செலுத்தியபோது நேர்ந்த சேதத்துக்குப் பணம் தரப்படமாட்டாது என்ற நிபந்தனை பொதுவாக அதில் இருக்கும். வெளிநாட்டில் சாரதி வேலை தேடும் இளைஞர் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அங்கு கேட்கப்படும் பொலிஸ் நற்சான்றிதழில் பழைய தீர்ப்பு தடையாக வந்து நிற்கலாம்.

அடிபட்டவரின் பக்கம்

குடும்பம் பாவம், ஆகவே சட்டம் இளக வேண்டும் என்பது எமது கருத்தன்று. வீதியோரம் சைக்கிளில் போய் அடிபட்டவரும் ஓர் ஏழையே. அவருக்குச் சட்டத்தைத் தவிர வேறு துணையில்லை.

அடிபட்டவரோ, இறந்தவரில் தங்கியிருந்த மனைவி பிள்ளைகளோ, மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடரலாம். இது இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும். "பொலிஸ் வழக்கு முடியட்டும்" என்று காத்திருந்து இந்தக் காலத்தைத் தவறவிடுதல் கூடாது. நீதவானும் குற்றவாளி நட்டஈடு வழங்க வேண்டும் எனக் கட்டளையிட முடியும். இடித்த வாகனம் நில்லாமல் ஓடி, இன்னதென அறியப்படாவிடில், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈடு கோரலாம். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் இருந்து சிறு தொகை ஒன்றைக் கையில் வைத்து, வெறும் கடதாசியில் ஒப்பமிடச் சொல்லும் சமரசங்களுக்கு எவரும் இணங்க வேண்டாம். ஒப்பமிட முன் சட்ட ஆலோசனை பெறுங்கள்.

பிடிபட்டால் செய்ய வேண்டியவை

பொலிஸார் மூச்சுப் பரிசோதனைக்கோ அரச வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கோ உட்படுமாறு கேட்டால் மறுக்க வேண்டாம். மறுப்பவர் மது அருந்தியிருந்தார் என்றே சட்டம் அனுமானிக்கும். அல்ல என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழும். பரிசோதித்த நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுத்து ஒப்பேற்ற முயல வேண்டாம். இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். வண்டிக் குற்றம் இலஞ்சக் குற்றமாக வளரும்.

நீதிமன்றத் தவணைக்குப் போகாமல் விட வேண்டாம். வராதவருக்குப் பிடியாணை வரும். சட்டத்தரணி வைக்க வசதியற்றோர், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். தண்டத்தைக் கட்ட அவகாசம் கேட்கலாம். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொருத்தமான வழக்குகளில் சிறைக்குப் பதிலாகச் சமுதாய அடிப்படையிலான சீர்திருத்தக் கட்டளை பெறவும் வழியுண்டு. இவை எவையும் குற்றத்தை மறைப்பதற்கான வழிகளல்ல. குற்றத்துக்குரியதைச் செலுத்திவிட்டு, குடும்பம் உடையாமல் எழுந்து நிற்பதற்கான வழிகள்.

ஊருக்கும் பங்குண்டு

குடிப்பவர் தனியாகக் குடிப்பதில்லை. வாடகைக்கு வந்த வான் சாரதிக்குப் பந்தலின் பின்னால் 'மரியாதை' செய்வது நாமே. வேலை முடிந்ததும் உழவு இயந்திரக்காரருக்குச் சம்பளத்தோடு போத்தல் கொடுப்பதும் நாமே. வெறியோடு இருப்பவர் திறப்பை எடுக்கும்போது, "தம்பி, பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்புவதும் நாமே. அந்த வார்த்தை ஒருவரையும் காப்பாற்றாது. திறப்பை வாங்கி வைப்பது காப்பாற்றும்.

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தனது 2290ஆம் எண்ணில், குடிபோதையாலோ வேக மோகத்தாலோ வீதியிலும் கடலிலும் வானிலும் தமக்கும் பிறருக்கும் ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்துக்கு உள்ளாகின்றனர் எனக் கற்பிக்கிறது. கடல் என்ற சொல் எமது கரையோரப் பங்குகளின் காதில் விழ வேண்டும். "கொல்லாதிருப்பாயாக" என்ற ஐந்தாம் கட்டளையின் விளக்கத்திலேயே இது இடம்பெறுகிறது. ஆகவே இது பொலிஸாருக்கும் சாரதிக்கும் இடையிலான விவகாரம் மட்டுமன்று, பாவசங்கீர்த்தனத்துக்கு உரிய விடயமுமாகும்.

எமது அன்பியங்களும், மாதர் சங்கங்களும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பணச் செலவின்றிச் செய்யக்கூடியவை சில உண்டு. கலியாண வீட்டில் சாரதிகளுக்கென வேறாகச் சாப்பாட்டுப் பந்தி வைத்து, மது கொடுப்பதில்லை என்று முற்கூட்டியே சொல்லலாம். ஆவணி 15இல் மடுத் திருவிழாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு வாகனத்துக்கும், திரும்பி வரும்வரை குடிக்காத சாரதி ஒருவரைச் சங்கமே நியமிக்கலாம். ஆட்டோச் சங்கம் இரவுக்குரிய முறை ஒன்றை வகுத்து, குடித்தவரையும் அவருடைய வண்டியையும் வீடு சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குடிக்கு அடிமையானவரைத் தண்டத்தால் மாத்திரம் திருத்த முடியாது. அவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல ஒரு துணை தேவை.

தண்டம் நீதிமன்றத்தில் கட்டி முடிகிறது. அடிபட்டவரின் வீட்டிலும் அடித்தவரின் வீட்டிலும் அது முடிவதில்லை. வண்டியின் திறப்பைத் திருப்பும் முன்னரே அதைத் தடுக்கும் பொறுப்பு ஊரார் எம் எல்லோருக்கும் உரியது.

குழுவாகச் சிந்திக்க

1. எமது ஊரில் எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் சாரதிக்கு மது கொடுப்பது வழமை? அதை நிறுத்த யார் முன்வர வேண்டும்?

2. கணவனோ மகனோ குடித்துவிட்டு வண்டியை எடுக்கும்போது, வீட்டுப் பெண்கள் திறப்பை வாங்கி வைக்க முடிகிறதா? முடியாவிட்டால் அயலவர் எவ்வாறு துணை நிற்கலாம்?

3. விபத்தில் அடிபட்ட குடும்பம் ஒன்று இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர எமது சங்கம் என்ன உதவி செய்யலாம்?