முதியோரின் அமினோ அமிலத் தேவை

முதியோரின் அமினோ அமிலத் தேவை என்பது, முதுமை எய்தியவர்கள் தசை உள்ளிட்ட உடல் திசுக்களைப் பேணுவதற்கு உணவிலிருந்து நாள்தோறும் பெறவேண்டிய அமினோ அமிலங்களின் அளவைக் குறிக்கும். நெடுங்காலமாக இந்த அளவு இளைஞர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளைக் கொண்டே கணிக்கப்பட்டு வந்தது. முதியோரை நேரடியாக ஆராய்ந்தபோது, லியூசின் போன்றவற்றின் தேவை எண்ணியதைவிட மிகுதியாக இருக்கலாம் எனத் தெரியவந்தது.

பின்னணி

உடலிலுள்ள புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், பீனைலலனின், திரியோனின், டிரிப்டோபான், வாலின் ஆகிய ஒன்பதையும் உடல் தானே உருவாக்க இயலாது. இவை இன்றியமையா அமினோ அமிலங்கள் எனப்படுகின்றன.

வயது ஏற ஏறத் தசையின் நிறையும் வலிமையும் குறைவது சார்கோபீனியா எனப்படும். தசை குறைந்தவர் நாற்காலியிலிருந்து எழவும் படியேறவும் சிரமப்படுவார்; விழுந்து எலும்பு முறியும் வாய்ப்பும் கூடும். முதுமையில் பசியும் குறைவதால், உண்ணும் சிறிதளவு உணவில் போதிய அமினோ அமிலங்கள் உள்ளனவா என்பது முக்கியமாகிறது.

இளைஞர்களிடமிருந்து பெற்ற அளவுகள்

அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ரோஸ் 1940களிலும் 1950களிலும் இளம் ஆண் மாணவர்களைக் கொண்டு முன்னோடி ஆய்வுகளை நடத்தினார். சோள மாச்சத்து, சர்க்கரை, வெண்ணெய்க் கொழுப்பு ஆகியவற்றுடன் தூய அமினோ அமிலங்களைச் சேர்த்து உணவாக அளித்தார். பின்னர் உடலுக்குள் சென்ற நைட்ரசனையும் கழிவாக வெளியேறிய நைட்ரசனையும் ஒப்பிட்டார். இது நைட்ரசன் சமநிலை முறை எனப்படும்.

இம்முறையில் தோல், வியர்வை வழியாக ஏற்படும் இழப்பு முழுமையாகக் கணக்கில் வருவதில்லை. அதனால் தேவை உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். ஒவ்வோர் அளவையும் சோதிக்கப் பல நாட்கள் குறையுள்ள உணவை உண்ண வேண்டியிருப்பதால், முதியோருக்கு இது ஏற்றதும் அன்று.

உலக சுகாதார அமைப்பும் பிற ஐ.நா. அமைப்புகளும் 1985இல் வெளியிட்ட அறிக்கை, பெரியவர்களின் லியூசின் தேவையை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 14 மி.கி. என்றது. 2007ஆம் ஆண்டு அறிக்கை அதனை 39 மி.கி. ஆகவும், லைசினை 12இலிருந்து 30 மி.கி. ஆகவும் உயர்த்தியது. பெங்களூரு செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இந்திய இளைஞர்களிடம் நடந்த ஆய்வுகளும் இம்மாற்றத்துக்குத் துணைநின்றன. ஆயினும் முதியோருக்கெனத் தனி அளவு வகுக்கப்படவில்லை.

மூச்சுக்காற்றின் வழியே அளத்தல்

கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள் சுட்டி அமினோ அமில ஆக்சிசனேற்ற முறையை மனிதரிடம் பயன்படுத்தினர். இதில் கதிரியக்கமற்ற கார்பன்-13 ஐசோடோப்பு கொண்ட பீனைலலனின் உணவுடன் தரப்படுகிறது. உணவில் லியூசின் குறைந்தால் புரத உருவாக்கம் தடைப்படும். பயன்படாத பீனைலலனின் எரிக்கப்பட்டு, அதன் கார்பன் மூச்சுக்காற்றில் வெளியேறும். லியூசினின் அளவைக் கூட்டும்போது இது படிப்படியாகக் குறைந்து ஒரு கட்டத்தில் நிலைபெறும். அந்தத் திருப்புமுனையே சராசரித் தேவை. ஒவ்வொரு சோதனையும் ஒரே பகலில் முடிந்துவிடும்.

2021இல் வெளியான டொராண்டோ ஆய்வில் முதியோரின் லியூசின் தேவை ஏறத்தாழ 78 மி.கி. எனக் கண்டறியப்பட்டது. இது 2007 அறிக்கையின் அளவைப்போல் இருமடங்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 3.9 கிராம் ஆகும்.

தேவை மிகுவதற்கான காரணம்

லியூசின் புரதத்தின் கட்டுமானப் பொருள் மட்டுமன்று; தசைச் செல்களில் புரத உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞையும் ஆகும். முதியோரின் தசைகள் இச்சமிக்ஞைக்கு மந்தமாகவே வினைபுரிகின்றன. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 6.7 கிராம் இன்றியமையா அமினோ அமிலக் கலவை தரப்பட்டது. அதில் லியூசின் 26 விழுக்காடாக இருந்தபோது இளையோரின் தசைப்புரத உருவாக்கம் கூடியது, முதியோரிடம் கூடவில்லை. 41 விழுக்காடாக உயர்த்தியபோது முதியோரிடமும் கூடியது.

வரம்புகள்

லியூசினை மட்டும் தனியே உட்கொள்வது தீர்வாகாது. நெதர்லாந்தில் நலமான முதிய ஆண்கள் மூன்று மாதங்கள் நாள்தோறும் 7.5 கிராம் லியூசின் உட்கொண்டும் தசை நிறையோ வலிமையோ கூடவில்லை என 2009இல் அறிவிக்கப்பட்டது. மேலும், மூச்சுக்காற்று ஆய்வுகள் சிலரிடம் குறுகிய காலம் நடத்தப்பட்டவை. அவை உடலின் உடனடித் தேவையைக் காட்டுகின்றன. அந்த அளவை ஆண்டுக்கணக்கில் உண்டால் விழுதல் குறையுமா என்பதைக் காட்டுவதில்லை.

பரிந்துரைகள்

பெரியவர்களுக்கான பாதுகாப்பான புரத அளவு கிலோவுக்கு 0.83 கிராம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் எனப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2013இல் பரிந்துரைத்தது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 முதல் 60 கிராம் வரை. அரிசி போன்ற தானியங்களில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. இரண்டையும் சேர்த்து உண்பதும், பால், முட்டை, மீன் ஆகியவற்றுள் இயன்றதைச் சேர்ப்பதும், தசைக்கு உடற்பயிற்சி தருவதும் பயனளிக்கும். கடுமையான சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு இவ்வளவு பொருந்தாது. அவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படியே புரதத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.