சிறு பட்டு நூற்பாளரின் வரவு செலவு

பட்டுத் தொழிலின் லாப நட்டம் தறியில் தீர்மானிக்கப்படுவதாகப் பலரும் எண்ணுவர். கர்நாடகத்தில் ராமநகரம், சித்லகட்டா முதலிய ஊர்களிலுள்ள சிறு நூற்பாளரின் கணக்கை ஆராய்ந்தால், கூடுகளை வெந்நீரிலிட்டு இழை எடுக்கும் தொட்டியிலேயே அதன் பெரும்பகுதி முடிந்துவிடுவது விளங்கும்.

நூற்பாளரின் செலவில் மிகப் பெரிய பங்கு கூட்டின் விலையாகும். கூலி, விறகு, வட்டி ஆகியன அதற்கு அடுத்தே வருவன. ஆகவே, ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு எத்தனை கிலோ கூடு செலவாகிறது என்பதே முதற் கேள்வி. இவ்வெண்ணைத் தொழிலில் 'ரெண்டிட்டா' என்பர். நல்ல வெண்பட்டுக் கூட்டில் இது ஏறத்தாழ 6 அல்லது 6½. மஞ்சள் கலப்பினக் கூட்டில் 7 முதல் 8 வரை இருக்கும். தரம் குன்றின் இன்னும் ஏறும். உதாரணமாக, கூட்டின் விலை கிலோவுக்கு 500 ரூபாய் எனக் கொண்டால், ரெண்டிட்டா 7½ ஆகும்போது ஒரு கிலோ பட்டில் அடங்கிய கூட்டின் விலை 3,750 ரூபாய். 8 ஆகும்போது 4,000 ரூபாய். இந்த 250 ரூபாயைக் கூலியில் சிக்கனம் செய்து மீட்பது அரிது.

காலமும் நூற்பாளரை நெருக்குகிறது. கூட்டை அப்படியே விட்டால் சில நாட்களில் அந்துப்பூச்சி அதைத் துளைத்து வெளிவந்துவிடும்; துளைபட்ட கூட்டில் தொடர்ந்த இழை கிடையாது. நீராவியிலோ வெப்பக் காற்றிலோ புழுவைக் கொன்று உலர்த்தி வைக்கலாமெனினும், அதற்கு இடமும் முதலும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவர் இன்று நூற்ற பட்டை உடனே விற்றுத்தான் அடுத்த கூட்டை வாங்க வேண்டும். விலை வீழ்ச்சியின் அடி முதலில் இவர் மீதே விழும்.

பேசின் உயர்ந்தது, சர்க்கா தாழ்ந்தது என மேலெழுந்தவாறு கூறுதல் பொருந்தாது. பேசினில் இழைகள் சிறு துளை வழியே சென்று ஒன்றோடொன்று முறுக்கிக் கொள்வதால் நீர் பிழியப்பட்டு, சீரான நூல் கிடைக்கிறது. பாவுக்கு ஏற்றதாகையால் நல்ல விலையும் பெறுகிறது. ஆனால் கறைபட்ட கூடுகளையும் இரட்டைக் கூடுகளையும் அதிலிட்டால் இழை ஓயாமல் அறும். அத்தகைய கூட்டையும் பணமாக்குவது சர்க்காவே. அதன் நூல் தடிப்பும் மெலிவுமாயிருப்பினும் ஊடைக்கு உதவும். கழிவுப் பட்டும், எண்ணெய் எடுக்கப் பயன்படும் கூட்டுப்புழுவும் சிறு வரவே. எனினும் கணக்கில் விடத்தக்கவை அல்ல.

கர்நாடகப் பட்டை வாங்கும் காஞ்சிபுரம் நெசவாளருக்கும் எடைக் கணக்கு உண்டு. சாயமிடுமுன் பசை நீக்கும்போது கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 25 சதவீதம் குறைந்துவிடும். எஞ்சியதும் சீரற்ற நூலாயிருப்பின், தறியில் அறுந்த இழைகளை முடியவே நேரம் போய்விடும்.

கூட்டின் தரத்தை மாணவருக்குக் காட்ட ஒரு தராசு போதும். சில கூடுகளை எடையிட்டு, பின்னர் அவற்றை வெட்டிப் புழுவை அகற்றி, ஓட்டை மட்டும் எடையிட வேண்டும். நூறு கிராம் கூட்டில் ஓடு 18 கிராம் எனில், ஓடு முழுதும் நூலானாலும் ரெண்டிட்டா 5½-க்குக் கீழே இறங்காது. நூற்பாளர் பெறும் எண்ணுக்கும் இதற்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி கழிவாய்ப் போனதாகும். களப்பணியாளர் ஒவ்வொரு தொட்டியிலும் நாள்தோறும் எடையிட்டுக் குறிக்க வேண்டியது அக்கழிவையே.