பழைய நூலும் புதிய கருவியும்

நம்மில் பலர் வீட்டில் பழம்பெட்டி ஒன்று இருக்கும். அதன் அடியில் தாத்தாவின் நூல்கள் சில கிடக்கும். சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, அத்தகைய பெட்டியிலிருந்து ஆறுமுக நாவலரின் நன்னூற் காண்டிகையுரை ஒன்றை எடுத்து வந்தேன். தாள் பழுத்து, விளிம்பைத் தொட்டாலே உதிர்ந்தது. மரக்கூழ்த் தாளிலுள்ள அமிலம் அதனை உள்ளிருந்தே தின்றுவிடுகிறது. நாவலர் உரைக்கு வேறு பதிப்புகள் கிடைக்கும். ஓரங்களில் தாத்தா பென்சிலால் எழுதிய குறிப்புகள் வேறெங்குக் கிடைக்கும்?

விடுதி அறையிலேயே, காசில்லாமல் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு அதனை மின்னூலாக்கத் தொடங்கினேன். அவ்வழியை நண்பர்களுக்கும் கூறுகின்றேன்.

முதலில் உரிமை. நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் பதிப்புரிமை நிற்கும். நாவலர் மறைந்தது 1879-இல். ஆதலின் தடையில்லை.

நூலைப் படமெடுக்கக் கைப்பேசியே போதும். அதைத் தாங்கியில் அசையாது நிறுத்தி, பக்கத்தின்மேல் கண்ணாடித் தகடு ஒன்றை மெல்ல வைத்து, இரு பக்கங்களிலிருந்தும் விளக்கொளி சாய்வாக விழச் செய்யவேண்டும். முதல் 40 பக்கங்களைக் கண்ணாடியின்றி எடுத்தேன்; வரிகளெல்லாம் வில்லாய் வளைந்திருந்தன. மீண்டும் எடுக்க நேர்ந்தது.

பின்னர் ஸ்கேன் டெய்லர் என்னும் மென்பொருள். இது சாய்ந்த பக்கத்தை நிமிர்த்தும்; இணைந்த பக்கங்களைப் பிரிக்கும்; எழுத்துள்ள பகுதியைத் தேர்ந்து, ஓரங்களை ஒழுங்காக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: இதற்குப் பென்சில் குறிப்பும் அழுக்கும் ஒன்றே! கறுப்பு வெள்ளையாக்கியபோது தாத்தாவின் கையெழுத்து மறைந்து போயிற்று. நல்லவேளையாக மூலப் படங்களை நான் அழிக்கவில்லை. குறிப்புள்ள பக்கங்களை மட்டும் வண்ணத்திலேயே விட்டு, எல்லைக் கோட்டைக் கையால் விரித்தேன்.

படத்தை எழுத்தாக்குவது டெசராக்ட். எச்.பி. நிறுவனத்தில் 1980-களில் பிறந்து, 2005-இல் கட்டற்றதாக வெளியிடப்பட்டது. தமிழ்த் தரவுக் கோப்பைச் சேர்த்து, மொழி தமிழ் என்று சொல்லவேண்டும். சொல்லாவிடின் ஆங்கிலமென்றே கருதிப் படிக்கும். இதனைப் பயன்படுத்தும் ஓ.சி.ஆர்.மை.பி.டி.எஃப். என்னும் மற்றொரு கருவி, பக்கப் படத்தோடு அவ்வெழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியாமல் பொருத்திவிடும். பிறகு நூலுக்குள் சொல்லைத் தேடலாம்.

தேடினேன். ‘வினை’ என்ற சொல் மிகச் சில இடங்களிலேயே அகப்பட்டது. இலக்கண நூலில் வினைக்குப் பஞ்சமா! பக்கங்களைப் பார்த்தபின் காரணம் விளங்கிற்று. ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் அக்காலத்தில் யானைத் துதிக்கைபோல் வளைந்த வடிவில் அச்சாயின; ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வடிவம் உண்டு. 1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்தைச் சீர்திருத்திய பின்னரே இன்றைய வடிவங்கள் வழக்கில் வந்தன. புதிய வடிவங்களில் பழகிய கருவி பழையவற்றைக் கண்டு திகைக்கிறது. ரகரத்தையும் காலையும் வேறு மாற்றிவிடுகிறது. ‘வினையும்’ என்பது என்னவாயிற்று என்பதை இங்கே அச்சிட்டால், பிழை திருத்துவோர் என்னைத்தான் வைவர்.

ஆகவே, மெய்ப்புப் பார்த்தே தீரவேண்டும். தமிழ் விக்கிமூலத்தில் பக்கப் படமும் எழுத்தும் அருகருகே நிற்கும். ஒருவர் திருத்தியதை வேறொருவர் சரிபார்ப்பர். நானும் அறைத்தோழரும் அம்முறையையே பின்பற்றுகிறோம். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் திருத்துகிறார். ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகிறது. தாத்தாவின் குறிப்புகளைத் தனிக் கோப்பில் எழுதி வருகிறேன். சிலவற்றைப் படிக்க இயலவில்லை; அவற்றின் படத்தை அம்மாவுக்கு அனுப்பியுள்ளேன்.

இதுவரை 62 பக்கங்கள் முடிந்தன. ஞாயிறு மாலைகளில் எங்கள் அறையில் வேலை நடைபெறும். பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் எவரேனும் வந்தால் மகிழ்வோம், தேநீர் உண்டு.