கியூஆர் குறியின் காப்புப்படிகளும் நிரலில் அவை பெறும் எண்களும்

கருமையும் வெண்மையுமாகிய சிறு சதுரங்களால் ஆய கியூஆர் குறி இன்று கடைத்தெருவிலும் பயணச்சீட்டிலும் எங்கும் காணப்படுவதொன்று. யப்பானில் டென்சோ நிறுவனத்தைச் சார்ந்த மசாகிரோ ஹாராவும் அவர்தம் குழுவினரும் 1994ஆம் ஆண்டில் இதனை ஆக்கினர். மோட்டார்வாகன உறுப்புகளைக் கணக்கிடும் தேவையிற் பிறந்தமையின், கறையும் கீறலும் படினும் படிக்கத்தக்கதாய் இருத்தல் இதற்கு இன்றியமையாததாயிற்று.

அதனை இயல்விப்பது, 1960இல் ரீட், சொலமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட கணிதமுறை. செய்திக்குரிய குறிச்சொற்களோடு, அவற்றினின்று கணித்துப் பெற்ற காப்புச்சொற்களும் சேர்த்துப் பொறிக்கப்படும். சில அழியினும், எஞ்சியவற்றைக் கொண்டு அழிந்தவற்றை மீட்கலாம். காப்பு எத்துணை வேண்டும் என்பதை ஆக்குவோன் தெரிந்துகொள்ளுமாறு எல், எம், கியூ, எச் என நான்கு படிகள் வகுக்கப்பட்டுள்ளன. இவை முறையே ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதச் சேதத்தைத் தாங்கும் என்பர்.

“ஏறத்தாழ” என்னும் சொல்லை நிரல் எழுதுவோர் மறத்தல் ஆகாது. பக்கத்துக்கு 21 சதுரங்கொண்ட மிகச்சிறிய குறியில் மொத்தம் 26 குறிச்சொற்கள் உள. எல் படியில் 19 செய்திக்கும் 7 காப்புக்கும் உரியன. எச் படியிலோ செய்திக்கு எஞ்சுவன 9 மட்டுமே. கியூ படியில் இரண்டும் பதின்மூன்றாகும். அக்காப்பினால் திருத்தக்கூடியவை 6; இருபத்தாறில் ஆறு 23 சதவீதமேயன்றி 25 அன்று. ஆதலின் சதவீதத்தைப் பெருக்கி அளவறிய முயலும் நிரல் வழுவும். நியமம் தரும் அட்டவணையை அவ்வாறே நிரலிற் பதித்தலே தக்கது.

இனி, இதனினும் நுண்ணியதோர் இடர் உண்டு. எப்படி கையாளப்பட்டதென்பதைப் படிக்குங் கருவி அறியவேண்டுமாதலின், அப்படியும் குறியினுள்ளேயே இரண்டு இரும இலக்கங்களாற் குறிக்கப்படுகின்றது. எல் 01, எம் 00, கியூ 11, எச் 10. காப்பின் ஏறுவரிசையில் எண்ணினால் 0, 1, 2, 3 என்று வருதல் இயல்பு. நியமமோ 1, 0, 3, 2 என்று வைத்தது. நிரல்மொழிகள் பலவற்றில், பெயர்களை வரிசையாகப் பட்டியலிட்டாற் பொறி தானே 0 முதல் எண் கொடுத்துவிடும். அவ்வரிசையெண்ணையே குறியிற் பொறித்தால், எல் என்றது எம் ஆகவும், எச் என்றது கியூ ஆகவும் படிக்கப்படும்.

கறையைத் திருத்தும் கணிதம் இங்கே உதவாதோவெனின், உதவாது. படியைக் குறிக்கும் 2 இலக்கங்களும் மறைப்புக்கோலத்தைக் குறிக்கும் 3 இலக்கங்களும் சேர்ந்த ஐந்தோடு வேறு 10 காப்பிலக்கங்கள் கூட்டி, அப்பதினைந்தும் இருமுறை பொறிக்கப்படுகின்றன. ஒரு பிரதியில் மூன்றிலக்கம் வரை கெடினும் மீட்கலாம். ஆயின் பிழையான படியெண்ணுக்கும் காப்பு முறையாகவே கணிக்கப்பட்டிருக்கும். கருவி அதனை ஐயுறாது ஏற்று, செய்தி இத்துணை, காப்பு இத்துணை எனத் தவறாகப் பிரித்துத் தோல்வியுறும். கறை ஒன்றேனும் படாத குறி, படிக்கவியலாத குறியாய் நிற்கும்.

எழுதும் நிரலும் படிக்கும் நிரலும் ஒருவனே ஆக்கியவையாயின், இரண்டிலும் அதே வழு இருத்தல் கூடும். அப்போது ஒன்று எழுதியதை மற்றொன்று செவ்வனே படித்துச் சோதனையிலுந் தேறிவிடும். பிறர் கருவி கைக்கு வந்தபின்னரே குட்டு வெளிப்படும்.

சீபிரா குரொசிங் எனப்படும் திறந்த நிரற்றொகுதி இவ்விடரை நன்கு விலக்கியுள்ளது. அது படிகளை வரிசையாகவே பெயரிட்டு, ஒவ்வொன்றோடும் நியமத்தின் எண்ணைத் தனியே இணைக்கின்றது. எண்ணிலிருந்து படியை அறிய எம், எல், எச், கியூ என்ற மற்றொரு பட்டியலையும் வைத்துள்ளது. வரிசையெண்ணின் இறுதியிலக்கத்தைப் புரட்டினால் நியமவெண் கிடைக்கும் என்பது மெய்யே. அச்சூழ்ச்சியை ஒரே வரியில் எழுதி மகிழ்வாரும் உளர். பின்னொருநாள் நிரலைத் திருத்த வருபவர்க்கு அவ்வரியின் காரணம் விளங்காது. படியை வெறும் எண்ணாக வழங்காமல் தனி வகையாக அமைத்தலால் மற்றொரு நன்மையும் உண்டு: சதவீதமென்று மயங்கி 7 என்னும் எண்ணை ஒருவர் கொடுப்பினும், மொழிபெயர்ப்பு நிலையிலேயே பொறி அதனை மறுத்துவிடும்.