நள்ளிரவுக்கு மேல்தான் கட்டியக்காரன் அவிழ்த்துவிடுவான்!

வாங்க, வாங்க, திரைக்குப் பின்னால் போகலாம்! தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கமோ பாப்பாரப்பட்டிப் பக்கமோ, திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஏதாவது ஓர் ஊர். கோடைகாலம், பாரதக் கூத்து நடக்கிறது. கீற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பல்பு எரிகிறது, தகரப் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன, தேங்காய் எண்ணெயில் குழைத்த அரிதாரம் மூக்கைத் துளைக்கிறது. துரியோதனன் ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மீசை வரைகிறார். புடவைக்கு ஊக்கு குத்திவிட ஆள் தேடுகிறார் பாஞ்சாலி. அவர் ஆண்தான்! கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையும் கிரீடமும் வரிசையாகக் காத்திருக்கின்றன. அவற்றைத் தோளிலும் தலையிலும் ஏற்றிக் கட்டியதும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நம் கண்ணெதிரே ராஜாவாகிவிடுகிறார். அந்த மாற்றத்தைப் பார்க்கப் பார்க்க அலுக்காது!

இந்தக் கூத்தில் ஒரு வியாபார சூட்சுமமும் இருக்கிறது. ‘பெரியவர்களுக்கு மட்டும்’ வகைப் படைப்பாளிகள் சந்தாதாரரை எப்படிப் பிடிக்கிறார்கள், எப்படி விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று இப்போது உலகமே ஆராய்கிறது. 2016இல் லண்டனில் தொடங்கிய ஒன்லிஃபேன்ஸ், ரசிகர் கட்டும் பணத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் படைப்பாளிக்குத் தருகிறது. நம் நாட்டில் அந்த வழியில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் குறுக்கே நிற்கின்றன. ஆபாசம் என்று சொல்லி 25 செயலிகளையும் தளங்களையும் முடக்கும்படி 2025 ஜூலையில் மத்திய அரசு உத்தரவிட்டது. தருமபுரிக் கூத்தோ, விடிய விடிய வயதுவந்தவர்களைச் சிரிக்கவைத்து, அடுத்த வருடமும் அதே ஊரில் பணம் கட்டவைக்கிறது. எப்படி?

வரி கட்டினால் வாசலில் பாரதம்

கூத்துக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் இலவசமும் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். பெங்களூரில் கட்டட வேலை பார்ப்பவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவரும் தங்கள் பங்கை அனுப்பிவிடுவார்கள், முடிந்தால் நேரிலும் வந்துவிடுவார்கள். பிறகு வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துக் கூத்துக் குழுவை ஊருக்கு அழைக்கிறார்கள். ஒரு கையெழுத்தும் இல்லாத ஒப்பந்தம், மொத்த ஊரும் சந்தாதாரர்!

பகலில் தூண்டில், இரவில் மீன்

இவர்களுடைய தொடர்கதைத் திட்டத்தைப் பாருங்கள், அசந்துபோவீர்கள். பெரும்பாலும் பதினெட்டு நாள் திருவிழா. பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் கோயில் பந்தலில் வில்லிபாரதம் சொல்வார். பகலில் கேட்ட கதையை அன்றிரவே வேடம் கட்டி ஆடுவார்கள். மத்தியானம் காதால் கேட்டவர், ராத்திரி கண்ணால் பார்க்காமல் இருப்பாரா?

ஆட்டக்களத்திலும் அதே சூட்சுமம்தான். ராஜா சட்டென்று வந்து நிற்க மாட்டார். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் முதலில் பாட்டு, பிறகு சலங்கைச் சத்தம், அப்புறம் கிரீடத்தின் நுனி. ஆர்மோனியமும் மிருதங்கமும் ஏற ஏறக் கூட்டம் எட்டிப் பார்க்கும். திரை விலகும்போது விசில் பறக்கும்!

பன்னிரண்டு மணிக்கு மேல்

இனி நீங்கள் காத்திருந்த ஆள்: கட்டியக்காரன். கூத்தைத் தொடங்கிவைப்பவர், ராஜாவுக்குச் சேவகர், எல்லாருக்கும் கோமாளி. வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை ஊரைப் படிப்பது. எந்தக் குட்டை வற்றியது, எந்தப் பேருந்து வருவதில்லை, யாருக்குப் பட்டப்பெயர் என்ன, எல்லாம் விடிவதற்குள் வசனமாகிவிடும்.

பிள்ளைகள் பாயில் உருண்டு தூங்கியபின் பேச்சில் பச்சை ஏறும். கணவன் மனைவி சண்டை, வயதான மாப்பிள்ளையின் முதலிரவு, இரட்டை அர்த்தம். கீசகன் வதத்தன்று கீசகன், சைரந்திரியாக மாறுவேடத்தில் இருக்கும் பாஞ்சாலியை நினைத்து உருகி நிற்கும்போது, “ராஜா, ஒடம்பு கொதிக்குதுங்களா? ஒகேனக்கல் போயி எண்ணெ தேச்சு அருவியில நில்லுங்க, அடங்கிடும்” என்கிற ரகத்தில் ஒன்றை வீசினால் போதும், கிழவிகள்தான் முதலில் சிரிப்பார்கள். கண் சொருகும் பின்னிரவில் கூட்டத்தை உட்காரவைக்கும் வித்தை இது.

ஆனால் எல்லை எது என்பது அவருக்கு அத்துபடி. பகடைத் துயில் எனும் துகிலுரிதல் கூத்தன்று பாஞ்சாலியின் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றுவார்கள், ஆடுகிறவர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். களத்தில் சிலருக்கு அருள் வரும். கொஞ்ச நேரத்துக்கு முன் வயிறு குலுங்கிய அதே கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பச்சைப் பேச்சு மட்டுமே இருந்தால் ஓர் இரவில் சலித்துவிடும். இந்த அழுகையும் சேர்வதால்தான் ஊர் மறுபடி அழைக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

பெயர் சொன்னால் பணம் வரும்

ஆட்டத்தின் நடுவே பாட்டு நிற்கும். இன்னார் மகன் இன்னார், கர்ணன் வேடத்தை மெச்சி நூறு ரூபாய் அன்பளிப்பு என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். நூறு கொடுத்தவரின் பங்காளி இருநூறோடு எழுந்து வருவார்! யூடியூப் நேரலையில் பணம் கட்டுபவரின் பெயர் வண்ணக் கட்டத்தில் மின்னுகிறதே, அதை நம் கூத்துக் களரி எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

கடைசி இரவு பதினெட்டாம் போர், மறுநாள் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் ஊர் நடுவே படுத்திருக்க, பீமன் தொடையில் அடிப்பார், பாஞ்சாலி கூந்தல் முடிவார். அத்தனை நாள் கதையை வளர்த்து, முடிவைப் பகல் வெளிச்சத்தில், கொடுத்த பணத்துக்குக் குறையில்லாமல் தருகிறார்கள்.

இந்தக் கலைஞர்கள் எவ்வளவு மெல்லிய கயிற்றில் நடக்கிறார்கள் என்பது 2020இல் தெரிந்தது. மார்ச் கடைசியில், திருவிழாக் காலம் தொடங்கும் நேரத்தில் ஊரடங்கு வந்தது. அச்சாரங்கள் நின்றன. அடுத்த கோடையிலும் திருவிழாக்களுக்குத் தடை. சில மாத வருமானத்தை நம்பி வருடத்தை ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு பருவம் போனது. இப்போது பல கூத்துகள் யூடியூபில் முழு இரவும் கிடைக்கின்றன; வெளியூர்க்காரர்கள் பார்க்கிறார்கள். ஆனால் படம்பிடித்தவரின் சேனலுக்குச் சேரும் பார்வை, வேடம் கட்டியவரின் வீட்டுக்கு அரிசியாகப் போய்ச் சேருவதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். தருமபுரிப் பக்கம் சொந்த ஊர் இருந்தால் இந்த வருடப் பாரத வரியைத் தட்டாமல் கட்டிவிடுங்கள். ஓர் இரவாவது விடியும்வரை உட்காருங்கள். பிடித்த வேடக்காரரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்பளிப்பை அவர் கையிலேயே கொடுங்கள்.