பனியில் வென்ற மேயர்

1979 ஜனவரி 13, 14. இரண்டே நாளில் சிகாகோவில் 20 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது. புத்தாண்டை ஒட்டி விழுந்த பனியே தெருக்களில் கெட்டிப்பட்டுக் கிடக்க, அதன் மேல் இது. பனி அந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அந்த முறை மாநகராட்சி திணறிப் போனது. பள்ளி வளாகங்களில் பனியை அள்ளியாயிற்று, கார்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள் என்று மேயர் மைக்கேல் பிலாண்டிக் அறிவித்தார். நம்பிப் போனவர்களை அங்கேயும் பனிமேடுதான் வரவேற்றது. குப்பை வாரக்கணக்கில் தேங்கியது.

அதைவிடப் பெரிய கோபம் ரயில் மேடைகளில் மூண்டது. தூண்களின் மேல் ஓடும் ரயிலை அங்கே ‘எல்’ என்பார்கள். தாமதத்தைக் குறைக்க, இடையில் உள்ள சில நிலையங்களில் ரயிலை நிறுத்தாமல் ஓட்டச் சொன்னது நிர்வாகம். அப்படி விடுபட்டவை பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்கள். எலும்பு உறையும் குளிரில், வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று மேடையில் நிற்கிறார்கள். ஆட்கள் ஏறிய ரயில் கண்ணெதிரே நிற்காமல் போகிறது. தேர்தலுக்குத் தேர்தல் ஆளும் ஜனநாயகக் கட்சிக்குத் தவறாமல் ஓட்டுப் போட்டுவந்த மக்கள் அவர்கள்.

அந்த மேடைகளில் மூண்ட கோபம்தான் ஜேன் பைர்னை மேயராக்கியது. அவருடைய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அந்த மக்களே காரணம் என்பது என் எண்ணம்.

1933-ல் சிகாகோவின் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஜேன். கணவர் வில்லியம் பைர்ன் கடற்படைத் தளத்தில் விமானத்தைத் தரையிறக்கும்போது விபத்தில் இறந்தார். அது 1959. ஜேனுக்கு 26 வயது, கையில் ஒரு பெண் குழந்தை. அடுத்த ஆண்டு ஜான் கென்னடியின் தேர்தல் வேலைக்குப் போனார். அங்கிருந்து ரிச்சர்ட் டேலியின் பார்வைக்கு வந்தார்.

டேலி 21 ஆண்டுகள் மேயராக இருந்தவர். சிகாகோவில் அவர் கட்சியை ‘மெஷின்’ என்றே அழைத்தார்கள். 50 வார்டு, வார்டுக்கு ஒரு கட்சிப் பொறுப்பாளர், அவருக்குக் கீழே பூத் அளவில் ஆட்கள். ஓட்டைக் கொண்டுவந்து சேர்த்தால் மாநகராட்சியில் வேலை, சேர்க்காவிட்டால் வேலை போகும். இப்படிப்பட்ட ஆண்களின் கோட்டைக்குள், 1968-ல் ஜேனை நுகர்வோர் விற்பனை, எடையளவுத் துறையின் ஆணையராக்கினார் டேலி. தராசும் எடையும் சரியாக இருக்கிறதா என்று கடைகளைச் சோதிக்கும் துறை. டேலியின் துறைத் தலைவர்களில் முதல் பெண் அவர்தான்.

1976 டிசம்பரில் டேலி இறந்தார். பிலாண்டிக் வந்தார். டாக்ஸிக் கட்டண உயர்வில் உள்ளுக்குள் பேரம் நடந்திருக்கிறது என்று ஜேன் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார். 1977-ல் பதவி பறிபோனது. பதவி போனவர் வீட்டில் உட்காரவில்லை, பறித்தவரையே எதிர்த்து நின்றார். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை, பனி விழும் வரை. பிப்ரவரி 27-ல் நடந்த உட்கட்சித் தேர்தலில், மெஷினின் மொத்த பலத்தையும் மீறி 51 சதவீத ஓட்டு வாங்கினார். கறுப்பின வார்டுகள் அவர் பக்கம் சாய்ந்திருந்தன. ஏப்ரலில் நடந்த பொதுத் தேர்தல் வெறும் சம்பிரதாயம்: 82 சதவீதம். சிகாகோவின் முதல் பெண் மேயர்.

பதவியேற்ற முதல் வருடத்திலேயே போக்குவரத்துத் தொழிலாளர், ஆசிரியர், தீயணைப்பு வீரர்கள் என்று வரிசையாக வேலைநிறுத்தம். அதையெல்லாம் கடந்துவிட்டார். என் மனம் ஆறாதது வேறொன்றில். பிரசாரத்தில் எந்தக் கும்பலைத் திட்டி ஓட்டு வாங்கினாரோ, அந்த மெஷின் தலைவர்களோடேயே கைகோத்தார். மாநகர மன்றத்தை நடத்த அவர்களுடைய ஓட்டு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ரயில் மேடையில் நின்றவர்கள் அதற்காக அவரை அனுப்பவில்லை.

1981 மார்ச்சில் அவர் செய்த ஒரு காரியம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. காப்ரினி கிரீன் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. வாடகைக்கு வழியில்லாத ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கட்டிக்கொடுத்தது. அப்போது அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் அங்கே செத்திருந்தார்கள். ‘நானே அங்கே குடிவருகிறேன்’ என்று அறிவித்து, இரண்டாவது கணவரோடு நான்காம் மாடி வீடு ஒன்றுக்குப் போனார் ஜேன். போலீஸ் குவிந்தது, பராமரிப்பு வேலைகள் திடீரென்று நடந்தன. மூன்று வாரம் இருந்தார். அது நாடகம் என்று அன்றே பலர் சொன்னார்கள். எனக்கு அதில் துணிச்சல் தெரிகிறது. குண்டு பாயும் கட்டடத்தில் படுத்துத் தூங்க எந்த மேயர் போனார்? ஆனால் குடியிருந்தவர்களுக்கு லிஃப்ட் வருடம் முழுக்க ஓட வேண்டும். அங்கே அவர் நடத்திய ஈஸ்டர் விழாவிலேயே எதிர்ப்புக் கோஷம் எழுந்தது. மறு ஆண்டு கைத்துப்பாக்கிக்குத் தடை கொண்டுவந்தார். 2010-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை அது நீடித்தது.

1982-ல் செய்த தவறுதான் மன்னிக்கப்படவில்லை. காப்ரினி கிரீன் போன்ற குடியிருப்புகளை நிர்வகித்த, குடியிருப்போரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவராக இருந்த வீட்டுவசதி வாரியத்தில், கறுப்பின உறுப்பினர்கள் இருந்த இடங்களுக்கு வெள்ளையர்களை நியமித்தார். மாநகராட்சியின் இசை விழாவைப் புறக்கணிக்கச் சொல்லி கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அழைத்தார். கூடவே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் வேலை தெருத் தெருவாக நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் புதிய கறுப்பின வாக்காளர்கள் சேர்ந்தார்கள். 1983 பிப்ரவரியில் ஜேனும், டேலியின் மகனும் வெள்ளையர் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, ஹெரால்டு வாஷிங்டன் சுமார் 36 சதவீத ஓட்டில் உட்கட்சித் தேர்தலை வென்றார். நகரத்தின் முதல் கறுப்பின மேயராகவும் ஆனார்.

ஜேன் 1987-லும் 1991-லும் மீண்டும் முயன்று தோற்றார். 2014-ல் தன் 81-வது வயதில் காலமானார். அதே ஆண்டில்தான் ஒரு நெடுஞ்சாலைச் சந்திப்புக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அவருக்குப் பின் சிகாகோவின் மேயர் நாற்காலியில் இன்னொரு பெண் உட்கார 36 வருடம் ஆயிற்று. 2019-ல் வந்த லோரி லைட்ஃபுட் ஒரு கறுப்பினப் பெண். 50 வார்டுகளிலும் ஜெயித்தவர். நான்கு வருடம் கழித்து அவரும் தோற்றார். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)